பிரஷ்லெஸ் டிரக்கில் ஸ்லிப்பர் கிளட்ச்: மாட்டுவது கொஞ்சம், அளவு வைப்பது நிறைய

ரேடியோ கண்ட்ரோல் வண்டிகளில் கிளட்ச் என்ற பெயரில் இரண்டு வேறு சாமான்கள் உண்டு. நைட்ரோ எஞ்சின் வண்டியில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி நகரக் கூடாது, அதற்காக வைத்தது. வேகம் ஏறினால் ஷூக்கள் விரிந்து, சுற்றியிருக்கும் பெல் என்ற கிண்ணத்தைப் பிடிக்கும். மின்மோட்டாருக்கு ஐடிலே கிடையாது, நின்ற இடத்திலிருந்தே இழுக்கும். அதனால் நைட்ரோ கிளட்சைக் கொண்டுவந்து பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மின்) மோட்டார் ஷாஃப்டில் பொருத்துவது வீண் வேலை. எடையும் கூடும், பிரேக்கும் போகும். மோட்டார் பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும் ஷூக்கள் விட்டுவிடும், வண்டி தன் பாட்டுக்கு உருளும்.

எலக்ட்ரிக் டிரக்குக்கு வேண்டியது ஸ்லிப்பர் கிளட்ச். அது எப்போதும் பிடித்தபடியே இருக்கும், அளவுக்கு மேல் முறுக்கு வந்தால் மட்டும் வழுக்கிக் கொடுக்கும். வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டை எதற்கோ, அதற்குத்தான் இதுவும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் உண்டல்லவா, ஸ்லிப்பரை அழுத்திப் பிடிக்கும் நட்டைக் கடைசி வரை இறுக்கி வைப்பதும் அதே காரியம்தான். கிளட்ச் பிழைக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் டிஃப் (சக்கரங்களுக்கு முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) பல் போகும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். டிராக்சாஸ் ஸ்லாஷ் 4×4 விஎக்ஸ்எல் வண்டியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 3500 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3500 சுற்று. மோட்டாரின் முறுக்கு மாறிலி 9.55 வகுத்தல் கேவி, அதாவது ஓர் ஆம்பியருக்கு ஏறத்தாழ 0.0027 நியூட்டன் மீட்டர். 80 ஆம்பியர் இழுக்கும்போது மோட்டார் ஷாஃப்டில் 0.22 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 13 பல் பினியன் (மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சிறு கியர்), 54 பல் ஸ்பர் (அது சுற்றும் பெரிய கியர், ஸ்லிப்பர் இருப்பது இதில்தான்) என்றால் ஸ்பர் ஷாஃப்டில் அது 0.9 ஆகிறது. டிஃபில் 37க்கு 13 என்று இன்னொரு குறைப்பு, சக்கரத்துக்கு வரும்போது 2.6 நியூட்டன் மீட்டர். டயரின் ஆரம் 55 மி.மீ. என்று வைத்தால் தரையைத் தள்ளும் விசை 47 நியூட்டன். பேட்டரியோடு வண்டியின் எடையோ ஏறத்தாழ 2.7 கிலோ, அதாவது 27 நியூட்டன் சொச்சம். நல்ல பிடிப்புள்ள கான்கிரீட்டில்கூட டயர் அந்த 27 நியூட்டனுக்கு மேல் பெரிதாகத் தாங்காது. மோட்டாரால் கொடுக்க முடிவதில் பாதிக்குச் சற்று மேல்தான் வண்டிக்குப் பயன்படுகிறது. மிச்சம் எங்கேயாவது போயாக வேண்டும். புழுதியில் டயர் சுழன்று அதைச் செலவழித்துவிடும், அங்கே டயர்தான் கிளட்ச். தாரிலும் கான்கிரீட்டிலும் டயர் பிடித்துக்கொள்ளும்போதுதான் ஸ்லிப்பரின் வேலை தொடங்குகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஸ்லிப்பரை எவ்வளவில் வைக்கலாம் என்பதும் கிடைத்துவிடும். 27 நியூட்டன் பெருக்கல் 0.055 மீட்டர், 1.5 நியூட்டன் மீட்டர். அதை டிஃப் குறைப்பான 2.85ஆல் வகுத்தால் ஸ்பர் ஷாஃப்டில் 0.52. இதற்குக் கொஞ்சம் மேலே, 0.55 முதல் 0.6க்குள் வழுக்கத் தொடங்கினால் ஓட்டத்துக்கும் குறையில்லை, கியருக்கும் ஆபத்தில்லை. இந்தக் கணக்கில் பினியன் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பினியனை மாற்றினால் ஸ்லிப்பரைத் தொட வேண்டியதில்லை. டயரை மாற்றினால் தொட வேண்டும். 55 மி.மீ. ஆரத்திலிருந்து 70 மி.மீ.க்குப் போனால் வழுக்கும் அளவும் 27 சதவீதம் ஏற வேண்டும், இல்லையென்றால் ஓயாமல் வழுக்கிச் சூடாகும்.

முடுக்கத்தைவிடக் கொடிய அடி, குதித்து இறங்கும்போது விழுவது. காற்றில் இருக்கும்போது விரல் த்ராட்டிலிலேயே இருந்தால் சக்கரமும் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரும் கிட்டத்தட்ட முழு வேகத்துக்குப் போய்விடும். 3எஸ் லைபோ, அதாவது மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, முழு சார்ஜில் 12.6 வோல்ட், பெருக்கல் 3500, நிமிடத்துக்கு 44,000 சுற்று. டயர் தரையைத் தொட்ட கணத்தில் இதெல்லாம் வண்டியின் வேகத்துக்கு இறங்கியாக வேண்டும். ரோட்டரில் சேர்ந்திருக்கும் சுழல் ஆற்றல் அத்தனையும் பினியன் பல் வழியாகத்தான் வெளியே வரும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறுவதால், 2எஸ்ஸிலிருந்து 3எஸ்ஸுக்குப் போகும்போது வேகம் ஒன்றரை மடங்கு, அடியோ இரண்டேகால் மடங்கு. 3எஸ் போட்டதும் வழுக்கும் சத்தம் கேட்கிறது என்று நட்டை இறுக்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வண்டியின் எடையும் டயரும் மாறவில்லை, ஆகவே வழுக்க வேண்டிய அளவும் மாறவில்லை. கூடுதலாகக் கேட்கும் அந்தச் சத்தம் கிளட்ச் தன் வேலையைச் செய்கிற சத்தம்.

இனி பொருத்தும் வேலை. ஸ்லாஷ் போன்ற வண்டிகளில் ஸ்லிப்பர் கூடவே வருகிறது, தேய்ந்ததை மாற்றுவது மட்டும்தான். விலை குறைந்த பல 1/10 அளவு டிரக்குகளில் ஸ்பர் கியரை நேரே ஷாஃப்டில் ஒரு பின் (சிறு குச்சி) போட்டுப் பூட்டியிருக்கும். பிரஷ்டு மோட்டார் இருக்கும்வரை அது போதும். பிரஷ்லெஸ்ஸுக்கு மாற்றியபின் ஸ்லிப்பர் தேடும்போது மூன்று அளவுகளை எடுத்துக்கொண்டுதான் கடைக்கோ இணையத்துக்கோ போக வேண்டும்: ஷாஃப்டின் விட்டம், கியர் பெட்டிக்குள் கிளட்சுக்குக் கிடைக்கும் அகலம், ஸ்பரின் பல் அளவு. அகலத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தட்டு, பேட் (உராயும் பட்டை), ஸ்பர், பேட், தட்டு, ஸ்பிரிங், நட்டு எல்லாம் சேர்ந்து பழைய ஸ்பரைவிட அதிக இடம் கேட்கும். கியர் மூடி நட்டில் உரசினால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். ஷாஃப்டும் பழையதே போதாது. நுனியில் மரையும், தட்டைப் பிடிக்கச் சமதளமோ பின்னுக்குத் துளையோ உள்ள ஷாஃப்ட் வேண்டும்.

பல் அளவைக் கண்ணால் சொல்ல முடியாது, வெர்னியர் வேண்டும். வெளிவிட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 சேர்த்து அதனால் வகுத்தால், மி.மீ. கணக்கில் பல் அளவான மாட்யூல் வரும். 54 பல் ஸ்பர் 44.8 மி.மீ. இருந்தால் 0.8 மாட்யூல். 44.45 இருந்தால் அது 32 பிட்ச் (அங்குலக் கணக்கில் பல் அளவு). இரண்டும் அவ்வளவு நெருக்கம், ஒன்றோடொன்று ஓடவும் ஓடும். 48 பிட்சும் 0.5 மாட்யூலும் அப்படியல்ல. கையில் சுற்றும்போது சரியாக இருப்பது போலத் தோன்றும், ஒரு பேட்டரி ஓட்டத்தில் பல் சீவிவிடும்.

பேட்டரியைக் கழற்றி மேசைக்கு வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மோட்டார் திருகுகளைத் தளர்த்தி பினியனை ஸ்பரிலிருந்து விலக்குங்கள். எம்3 கேப் தலைத் திருகுக்கு 2.5 மி.மீ. ஆலன் கீ, உருண்டைத் தலைக்கு 2 மி.மீ., பினியனின் எம்3 கிரப் திருகுக்கு (தலை இல்லாத சிறு திருகு) 1.5. முனை மழுங்கிய 1.5 கீயைக் குப்பையில் போடுவது நல்லது. அதனால் கெட்டுப்போன கிரப் திருகை வெளியே எடுக்கும் வேதனைக்கு ஒரு புதுக் கீயின் விலை ஒன்றுமே இல்லை.

அழுத்தத் தட்டுகள் புதிதாக இருந்தாலும் அப்படியே மாட்டக் கூடாது. துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் படலம் இருக்கலாம், ஓரத்தில் வெட்டிய பிசிர் இருக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, தட்டைக் கவிழ்த்து வைத்து, எட்டு போடுவது போல இருபது தடவை தேயுங்கள். தட்டு முழுவதும் ஒரே மங்கல் நிறம் வர வேண்டும். நடுவில் மட்டும் பளபளப்பு மிஞ்சினால் தட்டு குழிந்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் தேய்க்க வேண்டும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்து, அதற்குமேல் உராயும் முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்தே கையாளுங்கள்.

பேட் இரண்டு வகையில் வரும். சிலவற்றில் ஸ்பரின் இரு பக்கமும் வளையமாக ஒட்டாமல் உட்காரும். சிலவற்றில் ஸ்பரில் உள்ள துளைகளுக்குள் சிறு கட்டைகளாக நுழையும். கட்டை வகையில் எல்லாக் கட்டைகளும் ஸ்பரின் முகத்தைவிட ஒரே உயரத்தில் வெளியே நிற்க வேண்டும். ஒன்று தேய்ந்து உள்ளே போயிருந்தால் மற்றவற்றின் மேல் பாரம் ஏறும், ஸ்பர் தள்ளாடும். ஆகவே ஒன்றை மட்டும் மாற்றாமல் மொத்தமாக மாற்றுங்கள்.

அடுக்கும் வரிசை: ஷாஃப்ட், அதில் செருகும் சிறு குச்சியான பின், பின்பக்கத் தட்டு, பேட், நடுவில் பேரிங் உள்ள ஸ்பர், பேட், முன்பக்கத் தட்டு, வாஷர், ஸ்பிரிங், நைலான் லாக் நட்டு. இதில் சோதிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. இரண்டு தட்டும் ஷாஃப்டோடு சேர்ந்தே சுற்ற வேண்டும், ஸ்பர் மட்டும் பேரிங்கின் மேல் தனியாகச் சுற்ற வேண்டும். நட்டை மாட்டுவதற்கு முன் முன்தட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஷாஃப்ட் கூட வராமல் தட்டு மட்டும் திரும்பினால் அது சமதளத்தில் உட்காரவில்லை. அப்படியே இறுக்கினால் உராய்வில் பாதி காணாமல் போகும். அதோடு, தட்டு வழுக்கும்போதெல்லாம் ஸ்பிரிங்கையும் நட்டையும் இழுத்துக்கொண்டு திரும்பும், நட்டு தானாகக் கழன்றுவிடும். "லாக் நட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகாரில் பலவற்றுக்கு மூலம் இந்தத் தட்டுதான். மீதிக்குக் காரணம் பழைய நட்டு. நைலான் வளையம் மூன்று நான்கு முறை கழற்றி மாட்டினால் பிடிப்பை இழந்துவிடும், விரலால் திருகினாலே இறங்குகிற நட்டை மாற்றிவிடுங்கள். நைலான் நட்டுக்கு, மரையை ஒட்டிப் பிடிக்கும் த்ரெட் லாக் திரவம் தேவையில்லை. அந்தத் திரவம் பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடச் செய்யும். பினியன் கிரப் திருகுக்கு மட்டும் நீல நிற த்ரெட் லாக் ஒரு சிறு பொட்டு, அதுவும் திருகை ஆல்கஹாலில் துடைத்த பிறகு.

நட்டை ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்வரை இறுக்குங்கள். அமுங்கிய பிறகு பலம் கொடுக்க வேண்டாம், மரைதான் போகும். அங்கிருந்து அரைச் சுற்று எதிர்ப்பக்கம் விடுங்கள். இது தொடக்கம் மட்டும்தான். வண்டியைப் பொறுத்து இதிலிருந்து கால் சுற்று அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போக வேண்டியிருக்கும், ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் மாற்றாதீர்கள். ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் ஓட்டக் கூடாது. அந்த நிலையில் அது ஸ்பிரிங்கே இல்லை, ஒரு இரும்பு வளையம். பேட் ஒரு தலைமுடி அளவு தேய்ந்தாலும் அழுத்தம் தடாலென்று விழுந்துவிடும்.

கண்டிப்பாக அளந்துதான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குப் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். பினியன் விலகியிருக்கட்டும். ஒருவர் நான்கு சக்கரத்தையும் அசையாமல் பிடிக்க வேண்டும். ஸ்பரில் உள்ள ஒரு துளையில் மீன்பிடி நரம்பைக் கட்டி, தராசில் மாட்டி, வட்டத்துக்குத் தொடுகோடாக மெல்ல இழுங்கள். ஷாஃப்ட் மையத்திலிருந்து துளையின் மையம் 15 மி.மீ. என்றால் 0.55 நியூட்டன் மீட்டருக்குத் தராசு ஏறத்தாழ 3.7 கிலோ காட்ட வேண்டும், 0.6க்கு 4 கிலோ. முதல் இழுப்பின் கணக்கை விட்டுவிடுங்கள். புதுப் பேட் முதலில் ஒட்டிக்கொண்டு அதிகம் காட்டும். நாலைந்து தடவை வழுக்கிய பிறகு வருவதுதான் உண்மை அளவு.

அடுத்தது பினியனைச் சேர்ப்பது. சாதாரண ஏ4 தாள் 0.1 மி.மீ. தடிமன். அதில் ஒரு கீற்று வெட்டி இரண்டு கியருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்தித் திருகுங்கள். தாளை உருட்டி வெளியே எடுக்கும்போது பல் தடம் மடிப்பாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. ஸ்பரைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்திலும் ஆட்டம் பாருங்கள். ஸ்பர் நூற்றுக்கு நூறு வட்டமாக இருப்பதில்லை, இறுக்கமான இடத்துக்குத்தான் இடைவெளி வைக்க வேண்டும். புது ஸ்லிப்பரில் ஸ்பர் ஓரிரு மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருக்கும், ஆகவே பினியனையும் மோட்டார் ஷாஃப்டில் நகர்த்தி ஸ்பர் பல்லின் முழு அகலமும் பிடிக்கும்படி செய்யுங்கள். ஓரத்தில் மட்டும் பிடித்தால் ஸ்பர் பல் படிக்கட்டு மாதிரி தேயும்.

ஓட்டிப் பார்ப்பதற்குப் பிடிப்புள்ள தளம் வேண்டும். மண்ணில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. நின்ற நிலையிலிருந்து முழு த்ராட்டில் கொடுங்கள். முதல் ஓர் அடி தூரத்துக்குள் "ஸ்ஸ்" என்று ஒரு சின்ன இழுவைச் சத்தம் கேட்டு நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்றடி வழுக்க வேண்டும் என்று ஒரு பழைய ஆலோசனை உண்டு, பிரஷ்லெஸ்ஸுக்கு அது அதிகம். சத்தமே இல்லாமல் முன்சக்கரம் தூக்கினாலோ டயர் கீச்சிட்டாலோ அரைக்கால் சுற்று விடுங்கள். மோட்டார் ஓலமிட்டு வண்டி சோம்பலாகக் கிளம்பினால் அரைக்கால் சுற்று இறுக்குங்கள். சத்தம் சரியாக வந்த பிறகும், முன்பக்கம் தூக்குவதைத் தடுக்கவே ஸ்லிப்பரை மேலும் தளர்த்தும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தூக்குவது நிற்கும், உண்மைதான், ஆனால் அந்த ஆற்றல் எல்லாம் சூடாக மாறிக் கிளட்சில் தங்கும். அதற்கு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியில் பஞ்ச் (கிளம்பும் வேகம்) அளவைக் குறைப்பதே சரியான வழி.

சூடு என்றால் எவ்வளவு? மோட்டார் 20,000 சுற்றில் ஓடும்போது சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பர் நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றுகிறது, ஷாஃப்ட் நிற்கிறது, நடுவே அரை நியூட்டன் மீட்டர் உராய்வு. பெருக்கினால் 250 வாட். 25 வாட் சோல்டரிங் அயர்ன் பத்தை ஒரே நேரத்தில் அந்தச் சின்னத் தட்டில் வைத்தது போல. இரண்டு தட்டும் சேர்ந்து 15 கிராம் அலுமினியம் என்றால் இரண்டே வினாடியில் 37 டிகிரி ஏறும். சிக்கிய வண்டியை த்ராட்டில் கொடுத்து வெளியே எடுக்கப் பார்ப்பதுதான் ஸ்லிப்பரைக் கொல்லும் முதல் காரணம். நடந்து போய்க் கையால் தூக்குங்கள்.

இரண்டு நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி, கியர் மூடியைத் திறந்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தட்டைப் பாருங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், ஒரு கறுப்பு மார்க்கர் பொட்டு வைத்து அதன்மேல் குறி வையுங்கள். 60 டிகிரி வரை கவலையில்லை. 80ஐத் தாண்டினால் அளவு தவறு. நைலான் ஸ்பர் உருகுவதற்கு வெகு முன்பே இளகும், பேரிங் உட்காரும் துளை பெரிதாகும், ஸ்பர் ஆடத் தொடங்கும். பிறகு எவ்வளவு நன்றாகப் பினியனைச் சேர்த்தாலும் சத்தம் போகாது. சூடான பேட்டின் பிடிப்பும் குறையும் என்பதால், குளிர்ந்த வண்டியில் வைத்த அளவை ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் இன்னொரு முறை சரிபார்ப்பது அவசியம்.

கோளாறு வந்தால் கிளட்சைக் குறை சொல்லும் முன் ஒரு மார்க்கர் பேனாவை எடுங்கள். மோட்டார் கத்துகிறது, வண்டி போகவில்லை என்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம்: ஸ்லிப்பர் வழுக்குகிறது, பினியன் கிரப் திருகு தளர்ந்து மோட்டார் ஷாஃப்டின் மேல் பினியன் சுழல்கிறது, அல்லது சக்கரம் உட்காரும் அறுகோணக் கட்டையான ஹெக்ஸைப் பிடிக்கும் சிறு குச்சி விழுந்துவிட்டது. முன்தட்டிலிருந்து ஸ்பருக்கு ஒரு நேர்கோடு, பினியனிலிருந்து மோட்டார் ஷாஃப்ட் நுனிக்கு ஒரு கோடு, சக்கர நட்டிலிருந்து ரிம்முக்கு ஒரு கோடு போட்டு, மெல்லக் கிளப்பிப் பத்து மீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள் (முழு த்ராட்டிலில் கிளப்பினால் சரியான ஸ்லிப்பரும் கொஞ்சம் வழுக்கும்). எந்தக் கோடு உடைந்திருக்கிறதோ அங்கே கை வையுங்கள். பினியன் வழுக்குவதை ஸ்லிப்பர் என்று எண்ணி நட்டை இறுக்குவதுதான் அடிக்கடி நடக்கிற கூத்து. கடைசியில் பினியனையும் இறுக்கியபின் கிளட்ச் வழுக்கவே வழுக்காது, அடுத்த குதியில் டிஃப் போகும். கிளம்பும்போது வண்டி திக்கித் திக்கி நடுங்கினால் அது கிளட்சே அல்ல, சென்சார் இல்லாத மோட்டாரின் கோகிங். ஸ்லிப்பரில் திக்கல் வராது, வழுக்கல்தான் வரும்.

எது உடைந்தது என்பதும் ஒரு தகவல். ஸ்பரில் ஓரிடத்தில் மட்டும் மூன்று நான்கு பல் போயிருந்தால் ஸ்லிப்பர் இறுக்கம், அல்லது நடுவில் கல் மாட்டியது. சுற்றிலும் சமமாகச் சீவியிருந்தால் பினியன் இடைவெளிதான் தவறு. டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டதும் டிஃப் கோப்பை பிளந்ததும் இறுக்கமான ஸ்லிப்பருக்கு அடையாளம்.

ஸ்லிப்பரை எடுத்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கைப் பிரிக்கும் சென்டர் டிஃப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போடலாம், வளைவில் வண்டி நன்றாகத் திரும்பும். 1/8 வண்டிகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. ஒரு முனையில் பிடிப்பு கூடினால் முறுக்கு மறுமுனைக்கு வழிந்துவிடும் என்பதால் அதுவும் ஓரளவு அடியைத் தாங்கும். ஆனால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையில் விழும்போது வழிய இடமில்லை. கான்கிரீட்டில் குதிக்கிற 1/10 வண்டிக்கு ஸ்லிப்பரே நல்லது. மண் தடத்தில் பந்தயம் ஓட்டுபவர் டிஃபுக்கு மாறலாம்.

தண்ணீரில் ஓட்டினால் பேட் நனைந்து வழுக்கும், அதற்காக அங்கேயே நட்டைத் திருகாதீர்கள், காய்ந்ததும் பழைய பிடிப்பு திரும்பிவிடும். இதைவிட மோசம், இரும்புத் தட்டு உள்ள வண்டியை ஈரத்தோடு அலமாரியில் வைப்பது. துரு பேட்டையும் தட்டையும் ஒட்டிவிடும், பார்வைக்கு நட்டு அதே இடத்தில் இருக்கும், கிளட்ச் மட்டும் கட்டையாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து காற்றடித்து, சக்கரத்தைப் பிடித்தபடி ஸ்பரைக் கையால் ஒரு சுற்று வழுக்க வைத்துவிட்டு எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் முதல் ஓட்டத்துக்கு முன் அதே ஒரு சுற்று.